1930 பில்லிஸ் ரீப்ளே: அணியின் சராசரி .315, தோல்வி 102. கணினியில் மட்டும் ஏன் அதிகம் ஜெயிக்கிறது?

ஸ்கோர்புக்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க பேஸ்பாலின் 1930 நேஷனல் லீக் சீசனை முழுவதுமாக, நிஜ வீரர்களின் எண்களை வைத்து ஆடும் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற விளையாட்டின் கணினிப் பதிப்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எட்டு அணி, ஆளுக்கு 154 ஆட்டம். எல்லா அணிக்கும் மேனேஜர் கம்ப்யூட்டர்தான், நான் எதிலும் கை வைப்பதில்லை.

என் கண் முழுக்க ஃபிலடெல்பியா பில்லிஸ் மீதுதான். அந்த அணியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1930இல் அவர்கள் அணியாக .315 அடித்தார்கள் (ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 315 ஹிட்). சக் க்ளைன் .386, 40 ஹோம் ரன், 170 ஆர்பிஐ (அவர் அடித்ததால் வந்த ரன்). லெஃப்டி ஓடூல் .383. மொத்தம் 944 ரன் எடுத்தார்கள். இருந்தும் 52 வெற்றி, 102 தோல்வி, கடைசி இடம். முதலிடம் பிடித்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை விட 40 ஆட்டம் பின்னால். காரணம் பந்துவீச்சு. அந்த ஆண்டு அவர்கள் விட்ட ரன் 1,199. பிட்சர்களின் மொத்த ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் பொறுப்பில் விட்ட ரன், குறைந்தால் நல்லது) 6.71.

இப்போது என் பிரச்சினை. ரீப்ளேயில் பேட்டிங் எண்கள் அச்சு அசலாக வருகின்றன, விட்ட ரன்களும் ஏறத்தாழ சரிதான். ஆனால் வெற்றி மட்டும் 52க்கு இறங்குவதே அபூர்வம். பெரும்பாலும் அறுபதை ஒட்டி நிற்கிறது. பழைய காலத்தைத் திருப்பிக் காட்டுவதற்குத்தானே இந்த விளையாட்டு? அப்படியானால் இன்ஜினில் எங்கோ கோளாறு இருக்கிறதா, இல்லை நான் ஏதாவது அமைப்பைத் தவறவிடுகிறேனா?

பழையமட்டை

தம்பி, இன்ஜினைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் நீங்களே கொடுத்த இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: எடுத்தது 944, விட்டது 1,199.

பேஸ்பால் புள்ளியியல் எழுத்தாளர் பில் ஜேம்ஸின் பழைய சூத்திரம் ஒன்று உண்டு, பித்தகோரியன் என்பார்கள். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் விட்ட ரன்னின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் எதிர்பார்க்கக்கூடிய வெற்றி விகிதம் கிடைக்கும். இங்கே அது .383 வருகிறது. 154 ஆட்டத்துக்கு 59 வெற்றி.

அதாவது உங்கள் கணினி சொல்வதுதான் நியாயமான எண். நிஜ பில்லிஸ் அதைவிட ஏழு ஆட்டம் குறைவாக ஜெயித்தார்கள். இது அதிசயமும் இல்லை. .383 வலுவுள்ள ஓர் அணி 154 ஆட்டம் ஆடினால் வெற்றி எண்ணிக்கை தற்செயலாகவே ஆறு முன்பின் ஆடும். 52 அல்லது அதற்குக் கீழே போவது ஏறத்தாழ ஏழு சீசனில் ஒரு முறை நடக்கக்கூடிய விஷயம். 1930இல் அந்த ஒரு முறை நடந்துவிட்டது.

எந்த சிமுலேஷனும் வீரர்களின் செயல்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. வெற்றி தோல்வியை எந்தக் கார்டிலும் அச்சடிக்க முடியாது. 52 வரவேண்டும் என்று இன்ஜினைத் திருகினால் அன்றைய கெட்ட நேரத்தையும் வீரர்களின் திறமைக் கணக்கில் எழுதிவிடுகிறீர்கள். அது பொய்யான ரீப்ளே.

நைட்ஷிப்ட்_குமரன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், பேஸ்பாலுக்குப் புதுசு. .386 என்றால் பத்துக்கு நாலு முறை ஹிட், அது பெரிய விஷயம் என்பது வரை புரிகிறது. ஆனால் கார்டு என்கிறீர்களே, கணினியில் கார்டு எங்கே வந்தது?

சந்துரு_எடிசன்

குமரன், நல்ல கேள்வி. இந்த வகை விளையாட்டுகள் கணினிக்கு முன்னால் மேசை மேல் பிறந்தவை. ஆப்பா 1951இல் வந்தது, ஹால் ரிச்மனின் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் 1961இல். ஒவ்வொரு நிஜ வீரருக்கும் அவர் ஆடிய சீசனை வைத்து ஒரு கார்டு, அப்புறம் தாயக்கட்டைகள்.

ஸ்ட்ராட்டில் மூன்று கட்டை. முதல் கட்டையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் கார்டைப் பார்க்கவேண்டும். 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் கார்டை. மற்ற இரண்டு கட்டைகளின் கூட்டுத்தொகை அந்தக் கார்டில் எந்த வரி என்று சொல்லும். கணினிப் பதிப்பும் உள்ளுக்குள் இதையேதான் செய்கிறது, கட்டையை அது உருட்டுகிறது அவ்வளவுதான்.

பாதி முடிவு பேட்டர் கார்டிலிருந்தும் பாதி பிட்சர் கார்டிலிருந்தும் வருவதால் ஒரு கணக்கு உண்டு. 1930இல் நேஷனல் லீக் முழுவதும் சேர்ந்து .303 அடித்தது. எட்டில் ஆறு அணிகள் .300ஐத் தாண்டின. சராசரி பிட்சரின் கார்டு .303 கொடுக்கும் என்றால், க்ளைன் மொத்தத்தில் .386 அடிக்க அவருடைய கார்டு .469 கொடுக்கவேண்டும். கார்டில் அச்சாகியிருப்பது அவர் நிஜத்தில் அடித்ததைவிட எப்போதும் மிகையாகத் தெரிவது இதனால்தான்.

எல்லா விளையாட்டும் இந்த வழியில் வந்தவை அல்ல. 1971இல் டான் டாக்லோ என்ற மாணவர் பொமோனா கல்லூரியின் பிடிபி-10 கணினியில் ஒரு பேஸ்பால் நிரல் எழுதினார். அவரே எடி டாம்ப்ரோவருடன் சேர்ந்து 1987இல் ஏர்ல் வீவர் பேஸ்பாலைக் கொண்டுவந்தார். அந்தக் கிளை வேறு. இன்று பலரும் ஆடும் அவுட் ஆஃப் த பார்க், மார்கஸ் ஹைன்சான் என்ற ஜெர்மானியர் தொடங்கியது, அதில் கார்டு இல்லை, திறன் மதிப்பெண்கள்தான்.

ஸ்கோர்புக்

பழையமட்டை அண்ணா, 59 என்ற எண்ணைப் பார்த்ததும் நிம்மதி. நன்றி.

ஆனால் அதிலிருந்து இன்னொரு கேள்வி கிளம்புகிறது. பில்லிஸ் ஆடியது பேக்கர் பவுல் மைதானத்தில். வலது ஓரம் வெறும் 280 அடி. அதை ஈடுகட்ட 40 அடிச் சுவர், அதன் மேல் 20 அடிக்கு வலை. க்ளைன் இடதுகைக்காரர், அந்தச் சுவரைப் பார்த்தே அடித்தார். அவருடைய 59 டபிள்களில் (இரண்டாம் பேஸ் வரை ஓட வைக்கும் ஹிட்) எத்தனை அந்தத் தகரத்தில் மோதியதால் கிடைத்தவை? அவரே அந்தச் சுவருக்கு முன்னால் ரைட் ஃபீல்டில் நின்று ஒரே சீசனில் 44 அசிஸ்ட் (பந்தை எறிந்து அவுட்டுக்கு உதவியது) எடுத்தார். மைதானம் அவர் பேட்டிங்கில் மட்டும் இல்லை, ஃபீல்டிங்கிலும் இருக்கிறது.

இதை எல்லாம் க்ளைனின் கார்டு சுமந்துகொண்டிருக்கும்போது, அவரை வேறு அணிக்கு மாற்றினால் என்ன ஆகும்?

பழையமட்டை

நிஜத்திலேயே அந்தச் சோதனை நடந்துவிட்டது. க்ளைன் 1933இல் பில்லிஸுக்கு டிரிபிள் க்ரௌன் (சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ மூன்றிலும் லீக்கில் முதலிடம்) வாங்கினார்: .368, 28 ஹோம் ரன், 120 ஆர்பிஐ. அந்தக் குளிர்காலத்திலேயே அவரைச் சிகாகோ கப்ஸுக்கு விற்றுவிட்டார்கள். 1934இல் ரிக்லி ஃபீல்டைச் சொந்த மைதானமாகக் கொண்டு அவர் அடித்தது .301, 20 ஹோம் ரன். காயங்களும் இருந்தன, முழுப்பழியும் மைதானத்தின் மேல் போடக்கூடாது. ஆனாலும் கப்ஸ் எதிர்பார்த்து வாங்கிய க்ளைன் அங்கே வரவில்லை.

நல்ல சிமுலேஷன் இதைத் தனியாகப் பிரித்து வைக்கும். ஸ்ட்ராட்டின் விரிவான விதிகளில் சில வரிகளில் நேரடியாக ஹோம் ரன் என்று இருக்காது, மைதானத்தைப் பார்க்கச் சொல்லும் ஒரு குறி மட்டும் இருக்கும். அப்போது இருபது முகக் கட்டையை உருட்டி அந்த மைதானத்தின் எண்ணோடு ஒப்பிடவேண்டும். பேக்கர் பவுலில் ஹோம் ரன் ஆவது வேறு இடத்தில் வெறும் கேட்ச் ஆகும்.

எனவே மைதான விளைவை அணைத்து வைத்து ஆடாதீர்கள். முக்கியமாக, சொந்தமாகத் தரவு செய்து விளையாடுபவர்கள் க்ளைனின் .386ஐ அப்படியே கார்டாக்கிவிட்டு அதன் மேல் பேக்கர் பவுலையும் போட்டால் ஒரே மைதானம் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். முதலில் கழித்துவிட்டு அப்புறம்தான் சேர்க்கவேண்டும்.

வரலாறு_வாணி

மைதானத்தைப் பேசுகிறீர்கள், பந்தை விட்டுவிட்டீர்களே. 1930 எண்களின் பெரும் பங்கு பந்துக்குப் போகவேண்டும். 1931இல் நேஷனல் லீக் தடித்த உறையும் தூக்கிய தையலும் உள்ள பந்துக்கு மாறியது. லீக் சராசரி .303இலிருந்து .277க்கு விழுந்தது. 1930இல் 56 ஹோம் ரன்னும் 191 ஆர்பிஐயும் எடுத்த ஹாக் வில்சன் 1931இல் 13 ஹோம் ரன், 61 ஆர்பிஐ. அவர் வீழ்ச்சிக்குப் பந்து மட்டும் காரணமில்லை, குடியும் ஒழுங்கு நடவடிக்கையும் சேர்ந்தது. ஆனால் 1930 கார்டை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த மனிதர் எப்போதுமே 56 அடிப்பார் என்றுதான் தோன்றும்.

நான் ஓஓடிபி (சந்துரு சொன்ன அவுட் ஆஃப் த பார்க்) ஆடுவதற்குக் காரணமே இதுதான். அங்கே மதிப்பெண்ணை ஒரே சீசனை வைத்தும் போடலாம், பக்கத்து ஆண்டுகளையும் சேர்த்துச் சமன்படுத்தியும் போடலாம். லீக்கின் மொத்த எண்களை அந்தந்த ஆண்டுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. வீரரின் திறமை ஒரு பக்கம், அந்த ஆண்டின் காற்று ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கிறது.

சந்துரு_எடிசன்

வாணி சொல்வதை எண்ணாகவே பார்த்துவிடலாம். எல்லோரும் கேட்கும் கற்பனைப் போட்டி: 1930 க்ளைன், எதிரே 1968 பிட்சர் பாப் கிப்சன். கிப்சன் அந்த ஆண்டு ஈஆர்ஏ 1.12, 13 ஷட்அவுட் (எதிரணிக்கு ரன்னே கொடுக்காத முழு ஆட்டம்), எதிரணிகள் அவரிடம் அடித்தது .184. அந்த ஆண்டு நேஷனல் லீக் சராசரி .243. பந்துவீச்சு அவ்வளவு மேலோங்கிப் போனதால்தான் 1969இல் பிட்சர் நின்று வீசும் மேட்டை, அதாவது மவுண்டை, 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக இறக்கினார்கள்.

கார்டுகளை அப்படியே எதிரெதிர் வைத்தால்: க்ளைன் கார்டு .469, கிப்சன் கார்டு அதே முறையில் .125. சராசரி .297. "பரவாயில்லை, க்ளைன் நன்றாகவே அடிக்கிறார்" என்று தோன்றும்.

பில் ஜேம்ஸின் லாக்5 முறையில் போட்டால் கதை மாறுகிறது. க்ளைன் தன் லீக்கை விட எத்தனை மடங்கு மேலே, கிப்சன் தன் லீக்கை விட எத்தனை மடங்கு கீழே என்று வாய்ப்பு விகிதத்தில் கணக்கிட்டால் க்ளைனுக்கு 1.45, கிப்சனுக்கு 0.70. இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட சரியாக 1. ஒருவர் இன்னொருவரை முழுதாக ரத்து செய்துவிடுகிறார்! 1930 சூழலில் ஆடினால் க்ளைன் .306, 1968 சூழலில் ஆடினால் .246. அதாவது இந்த இருவரும் மோதும்போது நடப்பது அந்த லீக்கின் சாதாரண பேட்டரும் சாதாரண பிட்சரும் மோதுவது போலத்தான்.

.297 என்ற எண் எந்த ஆண்டுக்கும் சொந்தமில்லை. "எந்த ஆண்டில் ஆடுகிறார்கள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெவ்வேறு காலத்து வீரர்களை மோதவிட்டால் இப்படி ஊர் பேர் இல்லாத எண்தான் கிடைக்கும்.

நைட்ஷிப்ட்_குமரன்

அப்படியானால் க்ளைன் பெரிய ஆட்டக்காரர் இல்லையா?

சந்துரு_எடிசன்

நிச்சயமாகப் பெரிய ஆட்டக்காரர். கிப்சனின் 1968 என்பது வரலாற்றிலேயே தனியாக நிற்கும் ஒரு சீசன். அதையே ரத்து செய்யும் அளவு மேலே நிற்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மைதான விளைவைக் கழித்தால் கொஞ்சம் இறங்குவார், அவ்வளவுதான்.

மதுரை_ஷார்ட்ஸ்டாப்

எல்லாம் சரி, எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நீங்கள் எல்லோரும் நடந்ததை நடந்தபடி வரவைப்பதிலேயே நிற்கிறீர்கள். அதற்கு ரெட்ரோஷீட் என்ற ஆவணத் தொகுப்பில் பழைய ஆட்டக் குறிப்பைப் படித்தால் போதுமே. டேவிட் ஸ்மித் 1989இல் தொடங்கியதிலிருந்து அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் ஆவணங்களைப் படித்து முடிக்கவே ஆயுள் போதாது.

விளையாட்டு என்று இருந்தால் நடக்காததை நடத்திப் பார்க்கவேண்டும். 1930 பில்லிஸுக்கு ஒரு பிட்சர் கொடுங்கள். யாரைக் கொடுத்தால் இந்த அணி பாதிக்கு மேல் ஜெயிக்கும்? என் ஆர்வம் அதுதான்.

பழையமட்டை

ஷார்ட்ஸ்டாப், உங்கள் கேள்விக்கு ஏற்ற ஒரே ஆள் அந்த அணியிலேயே இருந்தார். குரோவர் க்ளீவ்லண்ட் அலெக்ஸாண்டர்.

1930இல் அவருக்கு 43 வயது. தொடங்கிய அணிக்கே திரும்பி வந்தார். 0-3 (வெற்றி இல்லை, தோல்வி மூன்று), ஈஆர்ஏ 9.14. 373 வெற்றிகளோடு அங்கேயே முடிந்தது அவர் மேஜர் லீக் வாழ்க்கை.

அதே அலெக்ஸாண்டர் 1916இல் அதே பில்லிஸுக்கு, அதே பேக்கர் பவுலைச் சொந்த மைதானமாகக் கொண்டு, 33 ஆட்டம் ஜெயித்தார். ஈஆர்ஏ 1.55, 16 ஷட்அவுட். அந்த ஷட்அவுட் எண்ணிக்கையை நவீன காலத்தில் யாரும் முந்தவில்லை. குறுகிய வலது ஓரத்துச் சுவர் அப்போதும் அங்கேயேதான் இருந்தது. "பேக்கர் பவுலில் யாரும் பந்து வீச முடியாது" என்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் காட்டுவேன். சுவரோடு 1930இன் பந்தும் சேர்ந்தபோதுதான் பிட்சர்கள் நாசமானார்கள்.

1916 அலெக்ஸாண்டரை 1930க்கு மாற்றிப் பார்க்கலாம். 1916இல் நேஷனல் லீக் ஈஆர்ஏ 2.61. 1930இல் 4.97. விகிதப்படி அவருடைய 1.55 இங்கே 2.95 ஆகிறது. நம்பக்கூடியதுதானா? 1930இல் ப்ரூக்ளினின் டாஸி வான்ஸ் 2.61 எடுத்துக் காட்டியிருக்கிறார், அடுத்த இடம் கார்ல் ஹபல் 3.87. அந்தச் சூழலிலும் ஒரு மனிதரால் மூன்றுக்குக் கீழே போக முடிந்தது. அதனால் 2.95 நியாயம்.

இப்போது நிஜ பில்லிஸில் லெஸ் ஸ்வீட்லண்ட் (ஈஆர்ஏ 7.71), க்ளாட் வில்லபி (7.59) இருவரும் சேர்ந்து வீசிய இன்னிங்ஸில் 300ஐ எடுத்து அலெக்ஸாண்டரிடம் கொடுங்கள். ஏறத்தாழ 157 ரன் மிச்சம். விட்ட ரன் 1,199இலிருந்து 1,042. மறுபடி பித்தகோரியன் போட்டால் 69 வெற்றி.

மதுரை_ஷார்ட்ஸ்டாப்

69தானா? வரலாற்றின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவரைக் கொடுத்தும் 85 தோல்வியா?

பழையமட்டை

ஆமாம். அந்த அணி எவ்வளவு பள்ளத்தில் இருந்தது என்பது எனக்கே இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் முழுதாக உறைத்தது. அங்கே உருப்படியாக வீசியவர் ஃபில் காலின்ஸ் ஒருவர்தான், 16-11, ஈஆர்ஏ 4.78. லீக் சராசரியை விட மேலே இருந்தது அவர் மட்டும்தான் என்று சொல்லலாம். மேனேஜர் பர்ட் ஷாட்டனை நான் குறை சொல்ல மாட்டேன். அதே மனிதர்தான் 1947இல் ப்ரூக்ளினை நேஷனல் லீக் பட்டத்துக்குக் கொண்டுபோனார். கையில் ஆள் இல்லாவிட்டால் எந்த மேனேஜரும் அவ்வளவுதான்.

வரலாறு_வாணி

1947 என்று வந்ததால் சொல்கிறேன், இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடிந்தால் எனக்கு மனசு ஒப்பாது. அந்த ப்ரூக்ளின் அணியில்தான் ஜாக்கி ராபின்சன் வந்தார். 1930 லீக்கில் அவரைப் போன்றவர்களுக்கு இடமே இல்லை. பில்லிஸில் முதல் கறுப்பின வீரர் களம் இறங்கியது 1957இல், நேஷனல் லீக்கிலேயே கடைசி அணி அது.

நீங்கள் பிட்சர் தேடி 1916 வரை போகிறீர்கள். 1930இலேயே கறுப்பினப் பிட்சர் சாட்செல் பெய்ஜ் பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸுக்கும் பால்டிமோர் பிளாக் சாக்ஸுக்கும் வீசிக்கொண்டிருந்தார். ஜாஷ் கிப்சன் ஹோம்ஸ்டெட் க்ரேஸில் தன் வாழ்க்கையைத் தொடங்கியதும் 1930தான். ஃபிலடெல்பியாவுக்கும் பால்டிமோருக்கும் நடுவே எவ்வளவு தூரம்? ரயிலில் சில மணி நேரம்.

2020 டிசம்பரில், கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக் என்று அங்கீகரித்தார்கள். 2024 மே மாதம் எண்களையும் பதிவேட்டில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து வாழ்நாள் சராசரியில் முதலிடம் ஜாஷ் கிப்சனுக்கு, .372, டை காபைத் தாண்டி. எனவே 1930 சீசனை எட்டு அணிகளோடு ஓட்டிவிட்டு இதுதான் அந்த ஆண்டின் சிறந்த பேஸ்பால் என்று சொன்னால் அது பாதிதான்.

சிமுலேஷனுக்கு இதில் உண்மையான சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த லீக்குகளின் பதிவான சீசன்கள் குறுகியவை, கணக்கில் ஏறாத ஆட்டங்கள் ஏராளம். நாற்பது ஐம்பது ஆட்டத்தில் வந்த சராசரியை 154 ஆட்டத்துக்கு அப்படியே நீட்டினால் தவறு. வீரரின் பல ஆண்டுகளைச் சேர்த்து, லீக் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துத்தான் மதிப்பிடவேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை. 1930 பெய்ஜை இப்படி மதிப்பிட்டு பில்லிஸில் இறக்குங்கள். அலெக்ஸாண்டரின் ஆவியை விட அது எனக்கு முக்கியமான "நடந்திருந்தால்".

மதுரை_ஷார்ட்ஸ்டாப்

வாணி அக்கா, இதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. இரண்டு பேரையும் இறக்கவேண்டும் என்கிறேன். பெய்ஜும் அலெக்ஸாண்டரும் சேர்ந்தால் பாதிக்கு மேல் போகுமா?

சந்துரு_எடிசன்

பெய்ஜுக்கும் 300 இன்னிங்ஸ், ஈஆர்ஏ மூன்றரை என்று அடக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் பிட்சர்களில் ஏழுக்கு மேல் வைத்திருந்தவர்களின் இடத்தில் அவர் வீசினால் இன்னொரு 120, 130 ரன் மிச்சமாகும். விட்ட ரன் 915 பக்கம் வந்து நிற்கும். எடுத்தது 944. பாதிக்குச் சற்று மேலே, 79 வெற்றி. தாளில் இவ்வளவுதான் சொல்ல முடியும், கணினி என்ன சொல்கிறது என்று ஓட்டித்தான் பார்க்கவேண்டும்.

ஸ்கோர்புக்

அனைவருக்கும் நன்றி. அடுத்த ஓட்டத்துக்கு நான் வைக்கப்போகும் அமைப்பு இது, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் எதையும் மாற்றாத 1930, பல முறை. ஒரே சீசனை வைத்து இனி எதுவும் பேச மாட்டேன், வெற்றிகள் 59ஐச் சுற்றி விரிகின்றனவா என்று மட்டும் பார்க்கிறேன். அப்புறம் அலெக்ஸாண்டர் மட்டும், அதன் பிறகு பெய்ஜ் மட்டும், கடைசியாக இருவரும். லீக் சூழல் எல்லாவற்றிலும் 1930. மைதானம் பேக்கர் பவுல், விளைவு இயக்கத்தில். அலெக்ஸாண்டரின் கார்டை 2.95க்கு நானே செய்துகொள்கிறேன், மைதானத்தைக் கழித்துவிட்டு.

பெய்ஜின் கார்டுக்கு வாணி அக்காவின் உதவி வேண்டும். எந்தெந்த ஆண்டுகளைச் சேர்ப்பது?

வரலாறு_வாணி

1929 முதல் 1931 வரை எடுங்கள். 1930க்கு இரட்டை எடை. அவர் வாக் (நான்கு தவறான பந்துக்கு பேட்டருக்குக் கிடைக்கும் இலவச பேஸ்) கொடுத்த எண்ணிக்கையும் அந்த லீக்கின் சராசரியும் சேர்த்து இன்றிரவு தனிமடலில் அனுப்புகிறேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கம்ப்யூட்டர் மேனேஜர் அவரை ரிலீவராக (நடுவில் வரும் மாற்று பிட்சராக) தள்ளாமல் நான்கு நாளுக்கு ஒரு முறை தொடக்க பிட்சராகவே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் 300 இன்னிங்ஸ் வரவே வராது.